பதினொரு மீட்டரும் அரை விநாடியும்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உதைப்பவர் உங்களுக்கு நேர் எதிரே 11 மீட்டர் தொலைவில் நிற்கிறார். உங்கள் பின்னால் உள்ள கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து வலப்புற மூலைக்கு வருமா, இடப்புற மூலைக்கு வருமா, அல்லது நடுவிலேயே வருமா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதை உங்களால் தடுக்க இயலுமா?

கால்பந்தில் பெனால்டி உதை என்பது இதுதான். காகிதத்தில் கணக்குப் போட்டால் ‘இயலாது’ என்றுதான் விடை வருகிறது. ஆயினும் கோல் கீப்பர்கள் தடுக்கத்தான் செய்கிறார்கள். எப்படி என்பதைக் காண, ஐரோப்பிய மன்றங்களுக்கிடையே நடந்த ஒரு புகழ்பெற்ற இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

இஸ்தான்புல், மே 25, 2005

துருக்கியின் இஸ்தான்புல் நகரிலுள்ள அத்தாதுர்க் ஒலிம்பிக் அரங்கில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ஒரு பக்கம் இத்தாலியின் மிலான் அணி. மறுபக்கம் இங்கிலாந்தின் லிவர்பூல். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே மிலான் தலைவர் மால்தினி ஒரு கோல் போட்டார். 39-ஆம் நிமிடத்திலும் 44-ஆம் நிமிடத்திலும் கிரெஸ்போ இரண்டு கோல்கள் போட்டார். இடைவேளையின்போது மிலான் 3, லிவர்பூல் 0. ஆட்டம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தனர்.

இடைவேளைக்குப் பிறகு 54-ஆம் நிமிடத்தில் லிவர்பூல் தலைவர் ஜெரார்ட் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். 56-இல் ஷ்மிட்ஸர் தொலைவிலிருந்து உதைத்து இன்னொன்று. 60-இல் ஒரு பெனால்டி. அலோன்சோ உதைத்த பந்தை மிலான் கோல் கீப்பர் டிடா தடுத்துவிட்டார். ஆனால் திரும்பி வந்த பந்தை அலோன்சோவே மீண்டும் உதைத்து உள்ளே தள்ளினார். ஆறே நிமிடங்களில் 3–3! அதன் பின் 90 நிமிடங்கள் முடிந்தும், கூடுதலாக 30 நிமிடங்கள் ஆடியும் யாருக்கும் கோல் விழவில்லை. வெற்றியை முடிவு செய்ய அணிக்கு ஐந்து பெனால்டி உதைகள் என்றாயிற்று.

இங்கே ஆட்டத்தைச் சற்று நிறுத்திவிட்டு நம் கணக்கைத் தொடங்குவோம்.

ஓர் அளவுகோலும் ஒரு நண்பரும்

மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 25 மீட்டர். பெனால்டிக்கு இது சாதாரண வேகம்தான். இதைவிட வேகமாக உதைப்போர் உண்டு. பந்து கோல் கம்பத்தை ஒட்டி மூலைக்குச் செல்வதாகக் கொள்வோம். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. என்பது விதி. ஆகவே அதன் ஆரம் சுமார் 11 செ.மீ. பந்தின் மையம் கோலின் நடுவிலிருந்து 3.66 – 0.11 = 3.55 மீட்டர் தள்ளிச் செல்ல வேண்டும். பித்தகோரஸ் தேற்றத்தைக் கொண்டு அது கடக்கும் தூரத்தைக் கண்டால் 11.56 மீட்டர் வரும். இதை 25-ஆல் வகுத்தால் 0.46 விநாடி. காற்றின் தடையால் பந்து சற்று வேகம் குறைந்து, இன்னும் நூற்றில் இரண்டு மூன்று பங்கு விநாடி தாமதமாகும். கோல் கீப்பருக்கு அது ஒரு சிறு சலுகைதான். நாம் அதை விட்டுவிடுவோம்.

இந்த 0.46 விநாடி முழுவதும் கோல் கீப்பருக்குக் கிடைக்குமா? கிடைக்காது. கண் பார்த்ததை மூளை உணர்ந்து, தசைக்குக் கட்டளையிட்டு, தசை அசையத் தொடங்கச் சிறிது நேரம் ஆகிறது. உங்களுக்கு அது எவ்வளவு என்பதை இன்றைக்கே அளந்துவிடலாம். 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை உங்கள் நண்பர் மேல் நுனியில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ் நுனியில், சுழிக் குறிக்கு நேராக, உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அவர் விட்டதும் பிடியுங்கள். பிடித்த இடம் 20 செ.மீ. என்றால், தூரம் = ½ × 9.8 × (நேரம்)² என்னும் சமன்பாட்டிலிருந்து நேரம் 0.20 விநாடி என்று கிடைக்கும். 15 செ.மீ. என்றால் 0.175 விநாடி. பத்து முறை செய்து சராசரி எடுங்கள். ஒரே முறை செய்துவிட்டு நண்பரிடம் பெருமையடிப்பது அறிவியல் ஆகாது!

இந்தச் சோதனையில் செய்ய வேண்டியது என்னவென்று முன்கூட்டியே தெரியும்: விரலை மூடவேண்டும், அவ்வளவுதான். வலமா இடமா என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டுமென்றால் நேரம் இன்னும் நீளும். எனினும் 0.20 என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 0.26 விநாடி.

இந்த நேரத்திற்குள் அவர் எவ்வளவு தூரம் பாயலாம்? உயரமான ஒருவர் கைகளை நீட்டிப் படுத்தவாறு பாயும்போது, அவருடைய உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய 1.35 மீட்டர் இருக்கும். ஆகவே பந்தைத் தொட ஈர்ப்பு மையம் 3.55 – 1.35 = 2.2 மீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டும். நின்ற நிலையிலிருந்து 0.26 விநாடியில் 2.2 மீட்டர் நகர வேண்டிய முடுக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். விநாடிக்கு விநாடி சுமார் 65 மீட்டர் வரும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல்! எந்த மனிதனின் கால்களுக்கும் அந்த வலிமை கிடையாது. இருந்தாலும் புல் தரையில் உராய்வு அதற்கு இடம் தராது, கால் வழுக்கிவிடும்.

சரி, இயலக்கூடிய ஒரு பாய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 0.4 விநாடி நேரம் தரையை உதைத்து, விநாடிக்கு விநாடி 10 மீட்டர் முடுக்கம் பெறுகிறார். அப்போது அவர் 0.8 மீட்டர் நகர்ந்திருப்பார். வேகம் விநாடிக்கு 4 மீட்டர். அதற்குப் பிறகு கால் தரையில் இல்லை. தரையில் இல்லாதவரைப் பக்கவாட்டில் தள்ள விசையும் இல்லை. மீதி 1.4 மீட்டரை அதே 4 மீட்டர் வேகத்தில்தான் கடக்க வேண்டும், அதற்கு 0.35 விநாடி. மொத்தம் 0.75 விநாடி. பந்துக்கு வேண்டியதோ 0.46 விநாடி!

எனவே பந்து உதைபடுவதற்கு 0.29 விநாடி முன்னதாகவே அவர் பாயத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படிப் பாய்வதற்கான முடிவை அதற்கும் 0.2 விநாடி முன்பே எடுத்திருக்க வேண்டும். அதாவது உதைக்கு அரை விநாடி முன்பு. பந்து இன்னும் அசையவேயில்லை. அவர் முடிவு செய்துவிட்டார்.

உதைப்பவரும் கைதிதான்

அப்படியானால் கோல் கீப்பர் சாய்வதைப் பார்த்து உதைப்பவர் எதிர்ப்புறம் உதைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்த 0.2 விநாடி உதைப்பவருக்கும் உண்டல்லவா? ஓடிவந்து ஊன்றுகாலை ஊன்றி, உதைகாலை வீசத் தொடங்கிய பின் அவராலும் திசையை மாற்ற முடியாது. கோல் கீப்பர் சீக்கிரமே சாய்ந்தால் அவர் அகப்பட்டுக்கொள்வார்; மிகத் தாமதித்தால் பந்து போய்விடும். இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு இடுக்கு இருக்கிறது. திறமையான கோல் கீப்பர் அந்த இடுக்கில்தான் வாழ்கிறார். உதைப்பவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இடுப்பு எங்கே நோக்குகிறது என்பவை அவருக்குத் துப்புகள். மற்றது ஊகம்.

1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், ருமேனியாவின் ஸ்தேவா அணி கோல் கீப்பர் டுக்கடாம், பார்சிலோனா வீரர்களின் நான்கு பெனால்டிகளையும் தடுத்தார். வலம், இடம் என இரண்டே வழிகள் இருப்பதாகக் கொண்டால்கூட, நான்கையும் தற்செயலாகச் சரியாக ஊகிக்கும் வாய்ப்பு 16-இல் 1 பங்குதான். அதன் பிறகு பந்தை எட்டவும் வேண்டும்!

இனி இஸ்தான்புலுக்குத் திரும்புவோம். லிவர்பூலின் கோல் கீப்பர் போலந்து நாட்டவரான டூடெக். கோட்டின்மேல் அவர் கைகளை ஆட்டினார். கால்களைத் துவளவிட்டு ஒரு பொம்மலாட்டமே நடத்தினார். 1984-இல் ரோம் நகர இறுதியாட்டத்தில் அதே லிவர்பூலின் கோல் கீப்பர் குரோபெலார் செய்த கூத்து அது. அதைச் செய்யச் சொல்லி டூடெக்கைத் தூண்டியவர் சக வீரர் காரகர். இதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உதைப்பவர் கண்ணுக்குப் பொய்த் துப்புகளைக் காட்டுவது இதன் பயன் என்று நான் கருதுகிறேன். எந்த அசைவு உண்மையான சாய்வு என்பதை அவரால் பிரித்தறிய முடியாது.

முதலில் உதைத்த மிலானின் செர்ஜின்யோ பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிட்டார். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 17 பாகைக்கு மேல் பந்து எழும்பினால் அது குறுக்குக் கம்பத்தைத் தாண்டிவிடும். அந்த எல்லையருகே ஒரு பாகை மாறினால் கோலில் 20 செ.மீ. வித்தியாசம். பந்தின் ஆரமோ 11 செ.மீ.; கால் அதன்மீது ஒரு செ.மீ. தாழ்ந்து பட்டாலே திசை ஏறக்குறைய 5 பாகை மாறக்கூடும். களைத்த காலுக்கு ஒரு செ.மீ. எம்மாத்திரம்!

லிவர்பூலின் ஹாமன் கோல் போட்டார். அடுத்து மிலானின் பிர்லோ உதைத்ததை டூடெக் வலப்புறம் பாய்ந்து தடுத்தார். சிஸ்ஸே கோல் போட்டார். மிலானுக்குத் தோமாஸன் கோல் போட, லிவர்பூலின் ரீசே உதைத்ததை டிடா தடுத்தார். காகா கோல் போட்டார், ஷ்மிட்ஸரும் போட்டார். லிவர்பூல் 3, மிலான் 2. ஐந்தாவதாக வந்தவர் மிலானின் ஷெவ்செங்கோ. அவர் கட்டாயம் கோல் போட்டே ஆகவேண்டும்.

16 செண்டிமீட்டர் வழக்கு

அவருடைய உதையைப் பார்க்குமுன் பிர்லோவின் உதையைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது. அன்றைய விதிப்படி பந்து உதைபடும்வரை கோல் கீப்பர் கோட்டின்மீது நிற்க வேண்டும். பக்கவாட்டில் நகரலாம், முன்னே வரக் கூடாது. டூடெக் அதற்குள் முன்னே வந்துவிட்டார் என்று பலரும் சுட்டிக்காட்டினர். ஆனால் நடுவர் மீண்டும் உதைக்கச் சொல்லவில்லை. முன்னே வந்ததால் என்ன ஆதாயம்? ஒரு மீட்டர் வந்ததாகக் கொண்டு கணக்கிடுவோம்.

வடிவொத்த முக்கோணங்களை நினைவுகூருங்கள். பந்துப் புள்ளியிலிருந்து 11 மீட்டரில் 3.55 மீட்டர் விலகும் பந்து, 10 மீட்டரில் 3.55 × 10/11 = 3.23 மீட்டர்தான் விலகியிருக்கும். ஆதாயம் 32 செ.மீ. ஆனால் பந்து 0.04 விநாடி முன்னதாகவே வந்துவிடும். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்பவருக்கு அது 16 செ.மீ. நட்டம். நிகர ஆதாயம் 16 செ.மீ. பந்தின் விட்டம் 22 செ.மீ. என்பதை எண்ணினால், விரல் நுனியில் தப்பிப் போகும் பந்து உள்ளங்கையில் படுவதற்கு இது போதும். விதி வீணாக எழுதப்படவில்லை! பிர்லோவுக்கு இன்னொரு வாய்ப்பு தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. செர்ஜின்யோவின் உதைக்கு மட்டும் யாரையும் குறை சொல்ல முடியாது. 2019-இல் இந்த விதியைத் தளர்த்தி, ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின்மீதோ கோட்டுக்கு நேராகவோ இருந்தால் போதும் என்றாக்கினர். பாய்வதற்கு ஒரு கால் முன்வைத்து உந்த வேண்டியிருப்பதை நினைத்தால் அது நியாயமே.

இனி ஷெவ்செங்கோ. கூடுதல் நேரத்தின் இறுதியில் இவர் தலையால் முட்டிய பந்தை டூடெக் தடுக்க, திரும்பி வந்த பந்தைக் கோலுக்கு மிக அருகிலிருந்து மீண்டும் உதைத்தார். 3 மீட்டர், விநாடிக்கு 20 மீட்டர் வேகம் என்று வைத்தால்கூட 0.15 விநாடி, பார்த்துச் செயல்பட நேரமே கிடையாது. முன்பே உயர்த்திய கையில் பட்டுப் பந்து மேலே போயிற்று. அந்த நினைவோடுதான் அவர் பெனால்டிக்கு வந்திருப்பார்.

அவர் பந்தை நடுவில் உதைத்தார். நம் கணக்கின்படி அது நல்ல யோசனையே. கோல் கீப்பர் முன்கூட்டியே ஒரு பக்கம் பாய்ந்தாக வேண்டியவர் அல்லவா? டூடெக்கும் வலப்புறம் சாய்ந்துவிட்டார். சாய்ந்த உடலை நிறுத்தவோ திருப்பவோ அந்த நேரத்தில் இயலாது. ஆனால் ஈர்ப்பு மையம் தன் வழியில் சென்றுகொண்டிருக்கும்போதே கையை வேறு பக்கம் நீட்ட எந்த விதியும் தடையில்லை. பின்தங்கிய இடக்கையை அவர் உயர்த்தினார். பந்து அதில் பட்டுத் திரும்பியது. கோப்பை லிவர்பூலுக்கு!

பந்து இன்னும் சற்று உயரமாக வந்திருந்தால்? உங்கள் குறிப்பேட்டில் கணக்கிடுங்கள்: விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் உதைத்த பந்து கோல் கோட்டில் 2 மீட்டர் உயரத்தில் நுழைய, அது தரையிலிருந்து எத்தனை பாகை எழும்ப வேண்டும்? காற்றின் தடையை விட்டுவிடலாம்.