இறுதி ஆட்டத்தின் இலக்கணம்

நஞ்சன்கூடு சென்று ஸ்ரீகண்டேசுவரரை வணங்குவோர், அக்கோயிலில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் சிலையையும் காண்பர். 1868-இல் மறைந்த அம்மன்னர் சதுரங்கப் பித்தர். குதிரைக் காய் 64 கட்டங்களையும், ஒன்றை இருமுறை தொடாமல், சுற்றிவரும் புதிர்கள் பல ஆக்கியவர். புதிரில் எதிராளி இல்லை, கடிகாரமும் இல்லை. போட்டியிலோ இரண்டும் உண்டு. அவ்விரண்டும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை 2025-ஆம் ஆண்டின் மகளிர் உலகக் கோப்பை காட்டிற்று.

சார்சியா நாட்டுப் பாட்டூமி நகரில் நடந்த இறுதிப் போட்டியில் எதிர்நின்ற இருவரும் இந்தியரே. ஒருவர் ஆந்திரத்தின் கொனேரு ஹம்பி; 2002-இல், பதினைந்து வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர்; 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் விரைவுச் சதுரங்க உலகப் பட்டம் வென்றவர். மற்றவர் நாகபுரியின் திவ்யா தேஷ்முக், அகவை பத்தொன்பது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய தகுதிப் படிகளுள் ஒன்றைக்கூட அதுவரை அவர் பெற்றிருக்கவில்லை.

நெடுநேர ஆட்டங்கள் இரண்டும் சமநிலையில் முடிந்தன. சூலை 28-ஆம் நாள் விரைவாட்டம் தொடங்கியது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நகர்த்தலுக்குப் பத்து வினாடி கூடுதல். முதலாட்டம் சமன். இரண்டாவதில் வெள்ளைக் காய் ஹம்பிக்கு. விரைவாட்டத்தில் உலகையே வென்றவர் அவர்; எனினும் நேரம் சுருங்கிய நெருக்கடியில், இறுதிக் கட்டத்தில் பிழை நேர்ந்தது. திவ்யா வென்றார். அவ்வெற்றியே அவரை நேராகக் கிராண்ட்மாஸ்டர் ஆக்கியது. ஹம்பி, ஹரிகா, நம் சென்னை வைஷாலி ஆகியோருக்குப் பின் அப்பட்டம் பெற்ற நான்காம் இந்தியப் பெண்மணி அவர்.

வென்றபின் அவர் சொன்னது நாம் கருதத்தக்கது: இறுதி ஆட்டத்தை இன்னும் கற்க வேண்டும் என்றார்! வாகை சூடியவரே அப்படிச் சொன்னால், நாம் எம்மாத்திரம்?

அப்பாடத்தின் அரிச்சுவடியைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு அரசன் தன் தொடக்கக் கட்டத்தில், அதாவது எட்டாம் வரிசையில், நிற்கிறான். அவனுக்கு நேரே, வெள்ளையின் கணக்கில் ஆறாம் வரிசையில், ஒரு வெள்ளைச் சிப்பாய். சிப்பாயின் இடப்பக்கம் ஒட்டி வெள்ளை அரசன். வேறு காய் இல்லை.

வெள்ளையின் முறையாயின், சிப்பாய் ஏழாம் வரிசைக்கு ஏறும். கறுப்பு அரசனுக்கு உள்ள ஒரே வழி வலப்புறம் கீழே இறங்குவது. வெள்ளை அரசன் ஏழாம் வரிசையில் சிப்பாயின் பக்கம் ஏறிக் காவல் நிற்க, சிப்பாய் அரசியாகும், வெற்றி உறுதி.

கறுப்பின் முறையாயினோ, அரசன் இடப்பக்கம் நகர்ந்து வெள்ளை அரசனுக்கு நேர் எதிரே நிற்பான். சிப்பாய் ஏறி முற்றுகை இட்டால், மீண்டும் அதன் முன்னே வந்து மறிப்பான். சிப்பாயைக் காக்க வெள்ளை அரசன் அதன் பின்னே வந்தால், கறுப்புக்கு நகர இடமில்லை, முற்றுகையுமில்லை, ஆட்டம் சமன். சிப்பாயைக் கைவிட்டாலும் சமனே.

காய்கள் அவையே, கட்டங்கள் அவையே, முறை மட்டுமே வேறு. இதனை நிதானமாகக் கணிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் கடிகாரத்தில் பத்து வினாடி மட்டும் எஞ்சும்போது கணிக்க இயலாது. முன்பே கற்றிருக்க வேண்டும். இறுதி ஆட்டப் பயிற்சியின் பயன் இதுவே.

இனி உங்களுக்கொரு வினா. அதே கறுப்பு அரசன். சிப்பாய் ஐந்தாம் வரிசையில். வெள்ளை அரசன் அதற்கு முன்னே ஆறாம் வரிசையில். இங்கே முறை யாருடையதாயினும் வெள்ளைக்கே வெற்றி. ஏன்? விடுதி நண்பருடன் ஆடி விடை காணுங்கள்.