இரத்தப் புற்றுநோய்: தலையெழுத்தைச் சொல்லும் குரோமோசோம்



"பிளட் கேன்சராம்பா" என்று யாராவது சொன்னால் போதும், நம்ம ஊரில் உடனே கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் இது ஒரே நோய் அல்ல. பிழைப்பாரா, எந்த மருந்து கேட்கும் என்பதைப் பெருமளவு சொல்வது குரோமோசோம், ஜீன் சோதனைகளே.

நம் செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இவற்றை 46 டிராயிங் ஷீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷீட் கிழிந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டால் அது 'இடமாற்றம்'. ஷீட் சரியாக இருந்து, ஓர் அளவு மட்டும் தப்பாகிப் போனால் அது 'ஜீன் பிறழ்வு'. பெரும்பாலும் இவை பரம்பரையாக வருவதில்லை. எலும்பு மஜ்ஜையில் பிற்பாடு ஏற்படுபவை.

எல்லாக் கோளாறும் ஒரே மாதிரியா? இல்லை!

* குழந்தைகளுக்கு வரும் லிம்போ வகையில் குரோமோசோம் எண்ணிக்கை 50-ஐத் தாண்டினால் நல்ல அறிகுறி. 44-க்குக் குறைந்தால் சிரமம்.
* மைலாய்டு வகையில் 8-ம் 21-ம் இடம் மாறினால் மருந்து நன்றாகக் கேட்கும். 'டி.பி.53' ஜீன் கெட்டிருந்தால் கஷ்டம்.
* 9-ம் 22-ம் மாறுவது 'பிலடெல்பியா குரோமோசோம்'. 1960-ல் கண்டறிந்தார்கள். 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு, இதனால் வரும் நாள்பட்ட வகையில் நிலைமையே மாறிவிட்டது.

வேலூரும் பாஷாணமும்

15-ம் 17-ம் இடம் மாறினால் வருவது புரோமைலோசைட்டிக் வகை. வெள்ளை அணுக்கள் முதிராமல் பாதியில் நின்றுவிடும்; இரத்தம் உறையாமல் கசியும். சில நாட்களிலேயே உயிர் போகலாம். ஒரு காலத்தில் இதுதான் படுபயங்கரமான வகை.

1998 முதல் 2004 வரை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்நோயாளிகள் 72 பேருக்கு ஆர்சனிக் டிரையாக்சைடு மட்டும் கொடுத்து சிகிச்சை செய்தார்கள். நம் பாட்டிமார் பயப்படும் அதே வெள்ளைப் பாஷாணம்தான்! 100-க்கு 86 பேருக்கு நோயின் சுவடே மறைந்தது. 2006-ல் வெளியான இம்முடிவை உலகமே கவனித்தது. இடமாற்றத்தால் உண்டான கோளாறான புரதத்தை ஆர்சனிக் நேராகப் போய் அழிக்கிறது. அந்த இடமாற்றம் இல்லாத வகைகளில் இந்தப் பலன் கிடைக்காது. (யாரும் வீட்டில் முயல வேண்டாம்! ஆஸ்பத்திரியில் அளந்து, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்றுவது இது.)

நாம் செய்ய வேண்டியது

ஈறில் இரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, விடாத காய்ச்சல் இருந்தால் உடனே இரத்த அணுச் சோதனை செய்ய வேண்டும். மஜ்ஜை எடுக்கணும் என்றால் "முதுகுல ஊசியா? வேணாம்" என்று பெரியவர்கள் மறுப்பார்கள். அது இடுப்பெலும்பில் எடுப்பது, மரத்துப் போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள் என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தச் சில துளிகள் இல்லாமல் எந்த ஷீட் கிழிந்தது என்று யாருக்கும் தெரியாது.

மணவூரில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் மாறினால் காட்பாடி. அங்கிருந்து வேலூர் பக்கம்தான். கையை விரிப்பதற்கு முன் ரிப்போர்ட்டைப் பார்ப்போம், நண்பர்களே!