மதில் கட்ட முதல் ஒரு தாள்
மேசன் வேலை தெரிந்து வந்தவர்களுக்கு



பார்க்கிங்கில் ரிப்பிள் ரோட் பக்கம் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கிறீர்கள். ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார். ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார். மேசன் வேலை என்று சொன்னதும் அவருக்கு முகம் மலர்கிறது. "அப்ப நல்லதாப் போச்சு தம்பி. எங்கட முன் மதில் விழப் பாக்குது. ஒருக்கா வந்து பாருமன். காசு கையிலயே தாறன்."

வந்த புதிதில் இப்படி ஒரு வார்த்தை கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் "ஓம்" என்று சொல்ல முதல் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, இன்றைக்கு நீங்கள் அந்த வேலையைச் செய்யலாமா என்பது. மற்றது, செய்யலாம் என்ற நிலை வந்த பிறகு வீட்டுக்காரரோடு எப்படி ஒப்பந்தம் செய்வது என்பது.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உங்கள் ஏ.ஆர்.சி. அட்டையிலோ ஹோம் ஒஃபிஸ் கடிதத்திலோ வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அசைலம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, அனுமதி இல்லை என்று தெரிந்துகொண்டு வேலை செய்வதே குற்றம். சிறைத் தண்டனை கிடைக்கலாம், வாங்கிய கூலியையும் பறிக்கலாம். கையில் காசாக வாங்கினால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. கூலிக்குப் பதிலாகச் சாப்பாடும் படுக்க இடமும் தந்தாலும் அதுவும் கூலிதான். தொண்டு நிறுவனத்துக்குச் சம்பளமில்லாமல் உதவி செய்யலாம். ஆனால் ஒருவருடைய சொந்த வீட்டு மதிலைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதைத் தொண்டு என்று சொல்ல முடியாது.

பன்னிரண்டு மாதத்துக்கு மேல் முதல் முடிவு வராமல், அந்தத் தாமதம் உங்கள் பிழையாலும் இல்லாமல் இருந்தால், வேலை அனுமதி கேட்டு ஹோம் ஒஃபிஸுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் அவர்கள் குறிப்பிடும் வகை வேலைகள் மட்டும்தான், அதுவும் ஒரு முதலாளியிடம். சுயதொழில் செய்ய முடியாது. வீட்டுக்காரரோடு நேரே விலை பேசி மதில் கட்டுவது சுயதொழில் என்பதைக் கவனியுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்க முதல் சொலிசிட்டரிடம் கேளுங்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்தபின் இந்தத் தடைகள் இல்லை. மிச்சப் பாடம் அந்த நாளுக்கானது.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தமா?

ஓம், இந்த நாட்டுச் சட்டத்தில் வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான். கஷ்டம் என்னவென்றால், பிறகு எதைப் பேசினோம் என்று நிரூபிக்க வேண்டும். ஊரில் மேசனை வீட்டுக்காரருக்குத் தெரியும், மேசனுடைய தகப்பனையும் தெரியும். பிழை வந்தால் நாலு பெரியவர்கள் இருந்து பேசுவார்கள். சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் கூலி கொடுப்பார்கள். இங்கே அந்தப் பெரியவர்களின் இடத்தில் நீதிமன்றம் இருக்கிறது, அது தாளைத்தான் கேட்கும்.

மொத்தக் கொந்தராத்து எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு இரண்டு பழைய வழக்குகளைச் சொல்லலாம். சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்குகள் இவை. 1898இல் தீர்ப்பான சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ் வழக்கில், ஒரு கட்டடக்காரர் இரண்டு வீடும் குதிரை லாயமும் 565 பவுணுக்குக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். 333 பவுண் பெறுமதியான வேலை முடிந்த நிலையில் அவரிடம் காசு தீர்ந்து வேலை நின்றுபோனது. காணிக்காரர் மிச்சத்தைத் தானே கட்டி முடித்தார். கட்டடக்காரர் செய்த வேலைக்கு மிச்சக் காசு கேட்டார், கிடைக்கவில்லை. அவர் விட்டுப்போன சாமான்களைக் காணிக்காரர் எடுத்துப் பாவித்ததற்கு மட்டும் விலை கிடைத்தது.

மற்றது 1972ஆம் ஆண்டு போல்ட்டன் எதிர் மகாதேவா வழக்கு. வீட்டுக்காரரின் பெயர் நம்மவர்களின் காதுக்குப் பழக்கமானது. வீட்டைச் சூடாக்கும் அமைப்பை 560 பவுண் மொத்த விலைக்குப் பொருத்திக் கொடுத்தார்கள். வீடு சரியாகச் சூடாகவில்லை, அறைக்குள் புகையும் வந்தது. திருத்த 174 பவுண் அளவில்தான் செலவு. அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தையாவது தருவார்கள் என்றுதானே நினைப்போம்? மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த 560இல் ஒன்றும் கிடையாது என்றது. சின்னக் குறை என்றால் செலவைக் கழித்துவிட்டு மிச்சம் கிடைக்கும். வேலையின் முக்கிய பயனே கிடைக்காவிட்டால், மொத்தமாகப் பேசிய காசு மொத்தமாகவே போகலாம். (வீட்டுக்காரரே காரணமில்லாமல் வேலையை நிற்பாட்டினால் கதை வேறு. அப்போது செய்த அளவுக்குக் கேட்கலாம்.)

அதனால் "எல்லாம் முடியத் தாறன்" என்பதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். பழைய மதிலை இடித்து அகற்றியதும் இவ்வளவு, அத்திவாரம் போட்டதும் இவ்வளவு, கல்லுக் கட்டி முடிந்ததும் மிச்சம் என்று பிரித்து எழுதுங்கள். சாமான் வாங்க முற்பணம் எடுத்தால் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

தாளில் என்ன எழுதுவது? மதிலின் நீளம், உயரம், அத்திவாரத்தின் ஆழம், தொடங்கும் நாள், உடைத்த கல்லை ஏற்றும் ஸ்கிப்புக்கு யார் காசு என்பதெல்லாம் வரவேண்டும். எந்தக் கல் என்பது இங்கே மிக முக்கியம். ஊரில் சீமெந்துக் கல்லுக் கட்டிப் பூசிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. இங்கே செங்கல்லும் பொயின்டிங்கும் அப்படியே வெளியே தெரியும். பார்க்கிங் டவுன் ஹோல் பக்கத்துச் சதுக்கத்தில் இடிந்த பழைய கட்டடம் போல ஒரு செங்கல் சுவர் நிற்கிறது, போய்ப் பாருங்கள். உண்மையில் அது 2000களில் கட்டியது. இங்கத்தைக் கல்லூரியில் செங்கல் வேலை படித்த மாணவர்களும் அதில் கை வைத்தார்கள். பழைய கல்லா புதுக் கல்லா என்று எழுதாமல் விட்டால் சண்டை அங்கேதான் தொடங்கும்.

"கொட்டேஷன்" என்று எழுதிக் கொடுத்தால் அது முடிவான விலை. "எஸ்டிமேட்" என்றால் உத்தேசக் கணக்கு. இடையில் "அந்தப் பக்கமும் கொஞ்சம் கட்டி விடுமன்" என்றால், கூடுதல் விலையை அன்றைக்கே டெக்ஸ்ட் மெசேஜில் அனுப்பி, "ஓகே" வந்த பிறகு கரண்டியை எடுங்கள். பொதுவாகத் தெருவை ஒட்டிய மதில் 1 மீற்றருக்கு மேல் உயர்ந்தால் கவுன்சில் அனுமதி வேண்டும். எல்லைக் கோட்டில் கட்டினால் 1996ஆம் ஆண்டு பார்ட்டி வோல் சட்டப்படி அயலவருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இரண்டும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று தாளில் இருக்கட்டும்.

பலர் அறியாத பொறி ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் போய், அங்கேயே பேசி ஒப்பந்தம் செய்தால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி வீட்டுக்காரர் 14 நாளுக்குள் அதை ரத்துச் செய்யலாம். அந்த உரிமையை நீங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அது 12 மாதம் வரை நீளும். 14 நாளுக்குள் தொடங்கச் சொன்னால் அதையும் அவர் எழுத்தில் தரவேண்டும். அது இல்லாமல் தொடங்கி, அவர் பிறகு ரத்துச் செய்தால், வியர்வை சிந்திய நாட்களுக்குக் காசு கேட்க முடியாமல் போகும்.

காசு தராவிட்டால் முதலில் திகதி போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பிறகு 10,000 பவுண் வரையான தொகைக்குச் சிறு உரிமைகோரல் வழியாக வழக்குப் போடலாம். ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 6 வருடம் வரை நேரம் உண்டு.

ஏற்கெனவே அனுமதி இல்லாமல் வேலை செய்து, கூலியும் கிடைக்காமல் இருப்பவர்கள் தாங்களாக வழக்குப் போட வேண்டாம். முதலில் சொலிசிட்டரைப் பாருங்கள். "ஹோம் ஒஃபிஸுக்குச் சொல்லிப் போடுவன்" என்று வெருட்டி வேலை வாங்கினாலோ, உங்கள் பத்திரங்களைப் பிடித்து வைத்திருந்தாலோ, அது அவர்கள் செய்யும் குற்றமாக இருக்கலாம். 08000 121 700 என்ற நவீன அடிமைத்தன உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த ஆளோடு பேசிய டெக்ஸ்ட் மெசேஜ்களையும் வேலையின் படங்களையும் போனிலிருந்து அழித்துவிடாமல், வரும்போது கொண்டு வாருங்கள்.