ஒரு தெரு செய்த உதவி
'லு ஹாவ்ர்' திரைப்படத்தை முன்வைத்து ஒரு கற்கை

கிராமப் பணியில் ஈடுபடுவோர் எல்லோரும் 'உதவி' என்ற சொல்லை நாள்தோறும் பயன்படுத்துகிறோம். உதவி என்றவுடன் திட்டம், நிதி, குழு, அறிக்கை என்பவையே நம் மனதில் முதலில் எழுகின்றன. இவை எதுவுமில்லாத சாதாரண மனிதர் சிலர், முன்பின் அறியாத ஒரு சிறுவனுக்கு எப்படி உதவினார்கள் என்பதைக் காட்டும் ஒரு திரைப்படத்தை இம்முறை நமது பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பின்லாந்து நாட்டு இயக்குநர் அக்கி கௌரிஸ்மாகி 2011ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் எடுத்த படம் 'லு ஹாவ்ர்'. அது பிரான்சின் வடகரையிலுள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். 1944இல் குண்டுவீச்சினால் பெரும்பகுதி அழிந்து, பின்னர் கொங்கிறீற்றினால் மீளக் கட்டப்பட்ட நகரம் அது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்து. படம் 2011இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, சர்வதேச விமர்சகர் சம்மேளனத்தின் பரிசைப் பெற்றது.

கதை

மார்செல் மார்க்ஸ் வயது முதிர்ந்த ஒரு சப்பாத்துத் துடைப்பாளி. நாள் முழுதும் உழைத்துக் கிடைக்கும் சில்லறையை மனைவி ஆர்லெற்றியிடம் கொடுப்பார். அவள் அதைத் தகரப்பெட்டியில் வைத்துக் குடும்பத்தை நடத்துகிறாள். பாண்கடையிலும் பலசரக்குக் கடையிலும் அவருக்குக் கடன். அவர் வருவதைக் கண்டால் பலசரக்குக் கடைக்காரர் கதவை இழுத்து மூடிவிடுவார்.

ஒருநாள் துறைமுகத்தில் ஒரு கொள்கலனுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது. பொலிசார் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே ஆபிரிக்காவிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்ட மக்கள். அவர்களுள் ஒருவனான இட்ரிஸா என்ற சிறுவன் தப்பி ஓடுகிறான். ஒருவர் துப்பாக்கியை உயர்த்த, மொனே என்ற பொலிஸ் பரிசோதகர் அதைத் தடுக்கிறார். பின்னர், துறைமுக ஓரமாக மதிய உணவு உண்ண வந்த மார்செல், தண்ணீருக்குள் நிற்கும் இட்ரிஸாவைக் காண்கிறார். இது லண்டனா என்று கேட்கிறான் சிறுவன்.

அதே நாட்களில் ஆர்லெற்றி கடும் நோயுடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறாள். பிழைப்பது அரிது என்பதைக் கணவனுக்குச் சொல்லவேண்டாமென வைத்தியரை வேண்டுகிறாள். மார்செலின் வீடு வெறுமையாகிறது. அந்த வீட்டுக்குள் சிறுவன் வந்து சேர்கிறான்.

உதவி எப்படி வளர்ந்தது?

படத்தில் எவரும் கூட்டம் கூட்டவில்லை. நீண்ட பிரசங்கமும் செய்யவில்லை. மார்செல் முதலில் கொடுத்தது கொஞ்சம் உணவு. பிறகு படுக்க இடம். அதன்பின் காரியம் தெருவின் கைக்குப் போகிறது. கதவை மூடிய பலசரக்குக் கடைக்காரரே பொருட்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பாண்கடைப் பெண் பாண் கொடுக்கிறாள். சிறுவனை ஒளித்து வைக்கவும் உதவுகிறாள். மார்செலுடன் சப்பாத்துத் துடைக்கும் வியட்நாமியத் தோழர் வேறொருவரின் பெயரிலுள்ள பத்திரங்களோடு வாழ்பவர். பத்திரமில்லாதவனின் பயம் என்ன என்பதை அவர் அறிவார்.

மார்செல் கலே நகரப் பக்கம் பயணம் செய்து, தடுத்து வைக்கப்பட்டிருக்கும் சிறுவனின் தாத்தாவைத் தேடிப்பிடித்து, தாயின் லண்டன் விலாசத்தைப் பெற்று வருகிறார். கடலைக் கடக்க 3,000 யூரோ வேண்டும். அதற்காக அவ்வூர்ப் பாடகர் ஒருவரின் இசை நிகழ்ச்சி நடத்தப்படுகிறது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியவை மூன்று.

ஒன்று: உதவியவர் ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததையே கொடுத்தார். கடைக்காரர் பொருளை, பாடகர் பாட்டை, வள்ளம் வைத்திருந்தவர் வள்ளத்தை. இல்லாததைப் பற்றி எவரும் முறையிடவில்லை.

இரண்டு: கடன் கொப்பியில் பெயருள்ளவனுக்கு உதவ மறுத்தவர்கள், அவன் இன்னொருவனுக்காக நிற்கும்போது உடன் நின்றார்கள். ஒருவர் முன்வைத்த காலே மற்றவர்களுக்கும் வழியைத் திறந்தது.

மூன்று: சிறுவனை அவர்கள் இரக்கப் பொருளாக்கவில்லை. கொள்கலன் திறக்கும் காட்சியில்கூட, உள்ளே இருப்பவர்கள் அமைதியாகவும் மரியாதையாகவும் நம்மை நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். இயக்குநர் அவர்களது அவலத்தை அல்ல, முகங்களையே காட்டுகிறார்.

சட்டமும் மனச்சாட்சியும்

தெரு முழுவதும் நல்லவர்கள் அல்ல. அயலவர் ஒருவர் பொலிசுக்குத் தொலைபேசியில் காட்டிக்கொடுக்கிறார். மொனேயோ சட்டத்தைக் காக்கவேண்டிய அதிகாரி. இறுதியில் அவர் சிறுவன் ஒளிந்திருக்கும் வள்ளத்தின் அறை மூடியின் மேலேயே அமர்ந்துகொண்டு, தேடிவந்த பொலிசாரைத் திருப்பி அனுப்புகிறார்.

இது கதைதானே என்று சிலர் சொல்லலாம். ஆனால் அபாயம் கதையல்ல. பிரெஞ்சுச் சட்டப்படி, அனுமதியின்றி வந்த ஒருவரின் நுழைவுக்கோ பயணத்துக்கோ தங்குதலுக்கோ உதவுபவருக்கு 5 ஆண்டுவரை சிறையும் 30,000 யூரோ தண்டமும் விதிக்கப்படலாம். இத்தாலிய எல்லையோரமான றோயா பள்ளத்தாக்கில் ஒலிவ் பயிரிடும் செட்ரிக் எறூ என்ற விவசாயி, குடியேறிகளுக்கு உதவியதற்காக வழக்கைச் சந்தித்தார். அவ்வழக்கையொட்டி 2018 ஜூலை 6ஆம் திகதி பிரான்சின் அரசியலமைப்புச் சபை ஒரு முக்கிய தீர்ப்பை வழங்கியது. 'சகோதரத்துவம்' என்பது அரசியலமைப்புப் பெறுமதி கொண்ட கொள்கை. ஆகவே, ஒருவரின் வதிவு சட்டபூர்வமானதா என்று பாராமல் மனிதாபிமான நோக்குடன் அவருக்கு உதவும் சுதந்திரம் உண்டு என்றது அத்தீர்ப்பு. எறூ 2021இல் முடிவாக விடுதலையானார். எனினும் சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைய உதவுவது தொடர்ந்தும் குற்றமே. மார்செல் கொடுத்த சோறும் படுக்கையும் இத்தீர்ப்பின் நிழலில் அடங்கும். அந்த வள்ளப் பயணம் அடங்காது. இந்த எல்லைக்கோட்டை நாம் மறைக்காமல் பேசவேண்டும்.

படம் சொல்லாமல் விட்டது

இட்ரிஸா கடலைக் கடக்கிறான். ஆர்லெற்றி எவரும் எதிர்பாராதவாறு சுகமடைந்து வீடு திரும்புகிறாள். முற்றத்துச் செரி மரம் பூத்திருக்கிறது. மனம் நிறைந்த முடிவு. ஆனால் தாத்தா? கொள்கலனில் வந்த ஏனையோர்? அவர்கள் அந்த வள்ளத்தில் இல்லை. ஒரு தெருவின் அன்பு ஒரு சிறுவனைக் காப்பாற்றியது. எல்லோரையும் காப்பாற்ற அன்போடு நீதியான சட்டமும் வேண்டும். ஆனாலும் எல்லோரையும் காப்பாற்ற முடியாது என்பதைக் காரணம் காட்டி மார்செல் தன் உணவுப்பொதியைத் திருப்பி எடுத்துச் செல்லவில்லை. இதுவே இப்படத்தில் நாம் கற்கும் மிகப் பெரிய பாடம் எனலாம்.

இக்கட்டுரை வாசிக்கப்படும் வீடுகள் பலவற்றிலிருந்து ஒருவராவது கடல் கடந்து போயிருப்பார். அவருக்கும் எங்கோ ஒரு தெருவில் யாரோ ஒருவர் வழிகாட்டியிருக்கலாம், ஒருவேளை உணவு கொடுத்திருக்கலாம். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க அந்த ஊருக்கே போகவேண்டியதில்லை. நமது வாசலுக்கு வரும் புதியவரிடம் கொடுக்கலாம்.

குழுவில் பேசுவதற்கு

1. நமது ஊருக்குப் புதிதாக வந்து குடியிருப்போர் யார்? அவர்களது பெயர்கள் நமக்குத் தெரியுமா?

2. பலசரக்குக் கடைக்காரர் ஏன் மாறினார்? நமது கிராமத்தில் இப்படியான மாற்றத்தைக் கண்டதுண்டா?

3. மொனே செய்தது கடமை தவறியதா, கடமையை உணர்ந்ததா? இரு பக்கமும் நின்று வாதிடுங்கள்.

4. உதவி பெறுபவரின் மரியாதை குறையாமல் உதவுவதற்கு நமது சங்கம் எந்த வழக்கங்களை மாற்றவேண்டும்?

5. அடுத்த கூட்டத்துக்கு முன் உறுப்பினர் ஒவ்வொருவரும் புதியவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்று, எதையும் கொடுக்கும் நோக்கமின்றி, அரைமணி நேரம் அவர் சொல்வதைக் கேட்டு வாருங்கள். கேட்டதில் வெளியே சொல்லக்கூடியதை மட்டும் குழுவில் பகிர்ந்துகொள்ளுங்கள்.