பட்டாள வரலாறு எழுதப்போகும் சங்கரன்கோவில் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நம் வட்டாரத்துப் போர் வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். பக்கத்திலேயே நெற்கட்டும்செவல். அதன் பாளையக்காரர் பூலித்தேவர் நம் ஊர்ச் சங்கரநாராயணர் கோயிலுக்குள் புகுந்து மறைந்தார் என்று இன்றும் ஊர் சொல்கிறது. இப்படி ஓர் ஊரில் பிறந்தவனுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் வியப்பு. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: வீரத்தை எழுதுமுன் படை எப்படிக் கட்டப்பட்டது என்று படி.

பாளையத்துப் படைவீரனுக்கு மானிய நிலம் உண்டு. அழைப்பு வந்தால் வேலும் வாளும் எடுப்பான். சண்டை ஓய்ந்தால் வயலுக்குத் திரும்புவான். அவன் கட்டுப்பட்டது தன் தலைவனுக்கும் தன் மண்ணுக்கும். 1755இல் ஆங்கிலேயத் தளபதி கர்னல் ஹெரானால் நெற்கட்டும்செவலைப் பிடிக்க முடியாமல் போனதில் அந்தக் கட்டுக்கும் பங்கு உண்டு.

எதிர்ப்பக்கம் வேறொரு கட்டு உருவாகிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை நெருக்கிய 1758ஆம் ஆண்டில், ஸ்டிரிங்கர் லாரன்ஸ் சிப்பாய்களை நூறு நூறு பேர் கொண்ட கம்பெனிகளாகப் பிரித்தார். சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக் என்று படிப்படியாகப் பொறுப்பு, மாதச் சம்பளம், அன்றாடம் கவாத்து. கம்பெனிகள் சேர்ந்து பட்டாலியன்களாயின. மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையில் ஒருமுறை தோற்றுத் திரும்பி, 1761இல் மீண்டும் வந்து வென்ற கான் சாகிப் யூசுப் கான் அந்தச் சிப்பாய்களின் தளபதி. அவரும் இராமநாதபுரச் சீமைக்காரர். கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் நம்மவர்கள் நின்றார்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

வேலூரைப் பார். 1806 ஜூலை 10 அன்று அங்கே ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த சிப்பாய்ப் பட்டாலியன்களில் ஒன்று 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன். அது திருநெல்வேலிச் சீமையில் ஆள் சேர்த்தது. முன்பு பாளையங்களில் பணிசெய்தவர்களும் அதில் இருந்தார்கள். பாளையப் போர் 1801இல் முடிந்தது என்று நீ முற்றுப்புள்ளி வைத்தால், இந்தத் தொடர்ச்சி கண்ணில் படாது.

இன்றைய அமைப்பையும் தெளிவாகத் தெரிந்துகொள். ரெஜிமெண்ட் என்பது தாய்வீடு. ஆளெடுப்பும் பயிற்சியும் கொடியும் மரபும் அதனுடையவை. களத்தில் நிற்பது பட்டாலியன். அதில் ஏறத்தாழ எண்ணூறு பேர். தலைமை ஒரு கர்னலுக்கு. அதற்குள் கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பிளட்டூன்கள், ஒவ்வொரு பிளட்டூனிலும் மூன்று செக்‌ஷன்கள். செக்‌ஷனில் பத்துப் பேர். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய்கள் பெரும்பாலும் தென்னாட்டவர்கள். அதிகாரிகள் எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம். 2014இல் காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜன் நம் தமிழர். அவருடைய தாய் ரெஜிமெண்டோ ராஜ்புத், களத்தில் பணியாற்றியது 44ஆம் ராஷ்ட்ரிய ரைபிள்ஸில். இந்த வேறுபாடு பிடிபடாமல் எழுதினால் தியாகத்தின் முகவரியே தவறிவிடும்.

ரெஜிமெண்டுக்கும் சாவும் மறுபிறப்பும் உண்டு. தென்னாட்டவர் போருக்கு உகந்த இனத்தார் அல்லர் என்ற ஆங்கிலேயரின் கொள்கை மெட்ராஸ் ரெஜிமெண்டைத் தேய்த்துத் தேய்த்து 1928இல் கலைத்தது. உலகப் போர் ஆள் கேட்டபோது, 1942இல் அதே ரெஜிமெண்டை மீண்டும் எழுப்பினார்கள். இந்த அநீதியைக் கூச்சமில்லாமல் எழுது.

இனி நீ செய்ய வேண்டியது: உன் தெருவிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கும் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்களிடம் போ. எந்தப் பட்டாலியன், எந்தக் கம்பெனி, செக்‌ஷனில் உடன் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்கள் அனுமதியோடு எழுதி வை. தளபதிகளின் பெயர்கள் அரசு ஆவணங்களில் இருக்கின்றன. அந்தப் பத்துப் பேரின் பெயர்களை ஊர்க்காரனாகிய நீதான் காப்பாற்ற வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்