சபையின் சீற்றமும் சபையோர் கண்ட படமும்

கேள்வி: சைன்டாலஜி என்னும் மதச் சபையைக் கண்டிக்கும் ‘கோயிங் கிளியர்’ ஆவணப்படத்தை அமெரிக்க ஜனங்கள் எவ்விதம் ஏற்றுக்கொண்டார்கள்?

பதில்: படத்தை ஜனங்கள் காணுமுன்பே அதற்குக் கண்டனம் வந்துவிட்டது. லாரன்ஸ் ரைட்டின் நூலை ஆதாரமாகக் கொண்டு அலெக்ஸ் கிப்னி தயாரித்த இப்படம், 2015 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அரங்கேறுவதற்குச் சில தினங்கள் முன்னதாகவே, அந்தச் சபையார் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் செய்து அதனைத் தூஷித்தார்கள். படத்தைப் பற்றி அறியாதிருந்தவர்களுக்கும் அதைக் காணும் ஆவலை மூட்டிய உபகாரம் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 29-இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சி ஒளிபரப்பியபின், இச்சபையைச் சேர்ந்த நடிகர் டாம் க்ரூஸைப் பற்றிய வம்பைச் சிலர் ரசித்துத் திளைத்தார்கள். நட்சத்திரங்களின் பெயரைக் கேட்டால் எந்தத் தேசத்திலும் இதுதானே கதி! ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கத்தினராயிருந்து விலகிய இயக்குநர் பால் ஹாகிஸ் முதலியோர், தாங்கள் எவ்வாறு நம்பினோம், ஏன் நெடுங்காலம் மௌனமாயிருந்தோம் என்று கூறியதும், விலகியவர்களோடு சொந்த பந்துக்களே உறவறுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் படம் எடுத்துக்காட்டியதும், பரிகாசம் செய்ய வந்தவர்களில் பலரையும் சிந்திக்கச் செய்தன. 1993-இல் இச்சபைக்கு அளிக்கப்பட்ட வருமானவரி விலக்கு நியாயந்தானா என்ற பழைய சர்ச்சையும் மீண்டும் தலைதூக்கியது.

சபையாரோ, சாட்சி சொன்னவர்கள் துவேஷத்தால் பொய்யுரைப்பவர்கள் என்றார்கள். சபைத் தலைவர் டேவிட் மிஸ்கேவிஜ் படத்துக்குப் பேட்டியளிக்கவில்லை. அவ்வாண்டிலேயே படம் மூன்று எம்மி விருதுகளைப் பெற்றது. வரிவிலக்கு மாத்திரம் இம்மியும் அசையவில்லை.