சிங்கராஜாவில் சிலம்பனைத் தேடுங்கள்

இலங்கையின் சிங்கராஜ வனத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் போகிறார்கள். செம்முகப் பூங்குயில், நீல வால்காக்கை, தீக்காக்கை என்று பெயருக்குப் பெயர் டிக் அடிப்பதே வேலை. பட்டியலை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, அதன் கடைசி வரியில் கிடக்கும் செம்மஞ்சள் அலகுச் சிலம்பனை முதலில் தேடுங்கள். நம் தோட்டத்துத் தவிட்டுக்குருவிக்கு இது காட்டுச் சொந்தம். மைனா அளவு, செம்பழுப்பு உடம்பு, ஆரஞ்சு நிற அலகும் கால்களும், ஓயாத கூச்சல். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. என்றாலும் இந்தக் காட்டில் எங்கும் இருப்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய காரணம் அதன் அழகல்ல, அதன் சகவாசம். சிங்கராஜாவின் பறவைகளில் பல தனித்தனியே இரை தேடுவதில்லை, கலப்புக் கூட்டமாகத் திரிகின்றன. சரத் கொட்டகம, எபன் குடேல் ஆகிய ஆய்வாளர்கள் இங்கே பதிவு செய்த கூட்டங்களில் சராசரியாகப் பதினோரு இனங்களுக்கு மேல், சுமார் நாற்பது பறவைகள் இருந்தன. பெரும்பாலான கூட்டங்களுக்கு நடுநாயகமாக இருந்தவை இரண்டு: இந்தச் சிலம்பனும் கொண்டைக் கரிச்சானும். சிலம்பன்கள் கும்பலாகக் கொடிகளில் சிக்கிய சருகுகளைக் கிளறிக்கொண்டு முன்னே தாவும். கலைந்து பறக்கும் பூச்சிகளைக் கரிச்சான் பின்னாலிருந்து பாய்ந்து பிடிக்கும். பதிலுக்கு, வல்லூறு வந்தால் முதலில் கத்துவதும் அதுதான். காவல் கிடைப்பதால் மற்றவையும் சேர்ந்துகொள்கின்றன. தரையில் சாம்பல்தலைச் சிரிப்பான், நடுக்கிளையில் தீக்காக்கை, உச்சிக் கொடிகளில் பூங்குயில் என்று ஆளுக்கொரு மாடி. ஆகவே சிலம்பனின் சளசளப்பு கேட்டால், உங்கள் பட்டியலில் பாதி அதன் பின்னால் வருகிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

எல்லாப் பறவையும் கூட்டத்தில் வராதே என்பீர்கள். உண்மைதான். இலங்கைச் சுண்டங்கோழி, பச்சை அலகுச் செண்பகம் போன்றவை தம் வழியே போகிறவை. 2004இல் அறிவியலுக்கு அறிமுகமான செரண்டிப் ஆந்தை இரவுப் பறவை. இவற்றுக்கு இடம் தெரிந்த உள்ளூர் வழிகாட்டிதான் கதி. ஆனால் ஒரே நாள் இருப்பவர் இவற்றைத் துரத்தினால் கூட்டத்தையும் தவறவிடுவார்.

செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை தானே வருமே என்பது அடுத்த வாதம். வரும். கரிச்சானே பிற பறவைகளின் குரலைப் போலி செய்வதும், அந்தப் போலிக்குரல் மற்றவற்றை ஈர்ப்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே அழைப்புக்கு வந்த பறவைக்குக் கூட்டம் கிடைக்கிறது. செல்பேசியை நம்பி வருவது எதிரியை விரட்ட வருகிறது. இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வெறுங்கிளையைச் சுற்றுகிறது. அதே பாதையில் அடுத்தடுத்து வருபவர் எல்லாரும் இதையே செய்தால் என்ன ஆகும்?

தொடாத காட்டுக்குள் ஆழமாகப் போனால் இன்னும் நிறையப் பார்க்கலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். குடாவ நுழைவாயிலிலிருந்து செல்லும் பாதை, 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டியபோது போட்ட வண்டிப்பாதை. எதிர்ப்பு கிளம்பி வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் வனம் சேர்ந்தது. அந்த அகலமான பாதையை ஒரு கூட்டம் கடக்கும்போதுதான் பறவைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வருகின்றன. அடர்காட்டுக்குள் காதுக்குத்தான் வேலை.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, கலவான, வெத்தாகல வழியாகக் குடாவ போகலாம். தெனியாய பக்கமும் ஒரு வழி உண்டு. முதல்முறை போகிறவருக்குக் குடாவதான் நல்லது. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையும், ஆகஸ்ட், செப்டம்பரிலும் மழை சற்றுக் குறையும். குறையும் என்றால் நிற்கும் என்று பொருளல்ல. குடையும் தொலைநோக்கிக்கு உறையும் வேண்டும். அட்டை எப்போதும் இருக்கும். முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறை போதும், பயப்பட ஒன்றுமில்லை. நுழைவுச்சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். நடை தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: கூட்டம் வந்தால் கடைசிப் பறவை கடக்கும்வரை அங்கேயே நிற்போம், தூரம் குறைந்தாலும் பரவாயில்லை.